சின்ன இடத்துக்கு ஒரு மடக்கு வேலைமேசை: முழுமையான வழிகாட்டி

மடக்கு மேசை செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நிற்கும் மேசையைத்தான் வரைகிறார்கள். கால் இவ்வளவு உயரம், பலகை இவ்வளவு நீளம் என்று முடிவு செய்து, மரத்தை அறுத்து, கீலையும் பூட்டிவிட்டு மடக்கிப் பார்த்தால் ஒரு கால் இன்னொரு காலில் முட்டிக்கொண்டு நிற்கும். என் முதல் மேசையும் அப்படித்தான் நின்றது. இந்த மேசையில் எல்லா அளவையும் தீர்மானிப்பது அதன் மடங்கிய நிலைதான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக, ஏழாம் படிக்கு முன்னால் இரண்டாவது ஜோடிக் கால்களை அறுக்கவே அறுக்காதீர்கள்.

இங்கே செய்யப்போவது 1100 மி.மீ. நீளமும் 450 மி.மீ. அகலமும் உள்ள மேசை. விரித்தால் 880 மி.மீ. உயரம் நிற்கும். மடக்கினால் கனம் 12 செ.மீ. அளவுக்குச் சுருங்கி, கதவுக்குப் பின்னாலோ அலமாரிக்குப் பக்கத்திலோ ஒதுங்கிவிடும். எடை 17, 18 கிலோ வரும். ஒருவரே தூக்கலாம்.

1. முதலில் உயரம்

வேலை செய்யும்போது போடும் செருப்போடு நிமிர்ந்து நில்லுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அறுக்க, இழைக்க, துளையிட இந்த உயரம்தான் சரி. இதற்கு மேல் போனால் உடம்பின் எடையை வேலையில் இறக்க முடியாது, தோள்பட்டைதான் வலிக்கும்.

சால்டரிங், சிறு மாதிரிகள் ஒட்டுவது, வண்ணம் பூசுவது போன்ற நுண்வேலைக்கு இந்த உயரம் தாழ்வு. குனிந்தே இருக்க நேரும். அதற்காக மேசையை உயர்த்த வேண்டாம். 150 முதல் 200 மி.மீ. உயரத்தில் தனியாக ஒரு பெட்டி செய்து, தேவைப்படும்போது மேலே வைத்துக் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். உயர்ந்த மேசையைத் தாழ்த்த வழி இல்லை.

2. மடங்கிய மேசையை வரையுங்கள்

இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் ஒரு முழுப் பலகை வீணாவது மிச்சம்.

மேசைக்கு இரண்டு கால் சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கால்கள், அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்கள். இரண்டு சட்டகமும் உள்பக்கமாக மடங்கும். கால் 844 மி.மீ. (880-லிருந்து பலகையின் கனம் 36 போக), பலகை 1100 மி.மீ. என்றால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஆகவேண்டும். அதனால் முதல் சட்டகத்தின் கீலை நேராகப் பலகையில் அடிக்கிறோம். இரண்டாம் சட்டகத்தின் கீலை ஒரு கட்டையின் மேல் அடிக்கிறோம். அதை உயர்த்துகட்டை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டையின் கனம் எவ்வளவோ அவ்வளவு குட்டையாக இரண்டாம் சட்டகத்தின் கால் இருக்கும்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. முதல் சட்டகம் மடங்கும்போது அதன் பாதம் அந்த உயர்த்துகட்டையில் போய் இடிக்கும். கணக்கைப் பாருங்கள். கிளாம்ப் மாட்ட இடம் வேண்டும் என்பதால் பலகையின் இரு முனையிலும் 60 மி.மீ. விட்டுத்தான் கால் வருகிறது. காலின் கனம் 38. ஆகவே முதல் கீல் 98-ல் இருக்கும். அங்கிருந்து 844 போனால் பாதம் 942-ல் வந்து விழும். எதிர்முனையில் 60 விட்டு 65 மி.மீ. அகலக் கட்டை என்றால் அது 975-ல் தொடங்குகிறது. இடையில் 33 மி.மீ. மிச்சம், இடிக்காது. இதே கால்களை 1000 மி.மீ. பலகையில் பூட்டினால் கட்டை 875-ல் தொடங்கிவிடும், மேசை மூடவே மூடாது.

உங்கள் உயரத்துக்குக் கால் அளவு மாறினால் ஒரு சூத்திரம்: முதல் காலின் நீளத்தோடு 250 மி.மீ. கூட்டுங்கள். பலகை அதைவிடக் குறையக் கூடாது.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அளவில் அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி மடக்கிப் பாருங்கள். முட்டுகிற இடம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

3. தேவையானவை

- 18 மி.மீ. ப்ளைவுட், 1100 × 450 அளவில் இரண்டு துண்டு. கடையிலேயே அறுத்து வாங்குங்கள். கைரம்பத்தில் இவ்வளவு நீளத்தை நேராக அறுப்பது புதியவருக்குக் கடினம்.
- 65 × 38 மி.மீ. மரச்சட்டம், சேதாரத்தோடு சேர்த்து 7 மீட்டர்.
- சாய்வுத் தாங்கிகளுக்கு 45 × 20 மி.மீ. சட்டம், இரண்டரை மீட்டர்.
- கீழ்த்தட்டுக்கு 12 மி.மீ. ப்ளைவுட், 970 × 260. உயர்த்துகட்டைக்கு அடியில் கொடுக்கச் சில மெல்லிய ப்ளைவுட் துண்டுகள்.
- 60 மி.மீ. கீல் நான்கு.
- எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட், 100 மி.மீ. நீளம், எட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அகல வாஷர், ஒரு விங் நட் (விரலாலேயே திருகக்கூடிய சிறகு வைத்த நட்).
- மரப்பசை, 25, 30, 60 மி.மீ. ஸ்க்ரூக்கள்.
- ட்ரில், ரம்பம், உளி, மூலைமட்டம், அளவு நாடா, குறைந்தது நான்கு கிளாம்ப்.

சட்டம் வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்வையை ஓட்டுங்கள். வில்லாக வளைந்ததைக்கூட வெட்டிச் சரிக்கட்டலாம். கயிறுபோல் முறுக்கியதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் செய்த சட்டகம் தட்டையாகப் படியாது.

வீட்டுக்கு வந்ததும் மரத்தின் உண்மையான கனத்தை அளந்து எழுதிவையுங்கள். 18 என்று விற்கும் ப்ளைவுட் 17-க்குச் சற்று மேலேதான் இருக்கும் என்பது சகஜம். கீழே நான் தரும் எண்கள் என் மரத்துக்கு உரியவை.

4. மேற்பலகை

இரண்டு ப்ளைவுட்டையும் ஒட்டி 36 மி.மீ. ஆக்குகிறோம். ஒற்றைப் பலகை சுத்தியல் அடிக்குத் துள்ளும், இழைக்கும்போது வளையும். சால்டரிங்கும் காகித வேலையும் மட்டும்தான் என்றால் ஒற்றையே போதும், எடையும் ஐந்து கிலோவுக்கு மேல் குறையும். ஆனால் அப்போது கால் 18 மி.மீ. நீள வேண்டும், பலகையும் அதற்கேற்ப நீள வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது, கிளாம்ப்புக்கும், வேலைப்பொருளை முட்டுக்கொடுத்து நிறுத்தும் முளைகளுக்கும் துளைகள் வேண்டுமென்றால் அவற்றின் இடத்தை இப்போதே அடிப்பக்கத்தில் குறித்துவிடுங்கள். 20 மி.மீ. விட்டம், 100 மி.மீ. இடைவெளி. கால்கள் படியும் இடத்தையும் காதுக்கட்டைகளின் இடத்தையும் (எட்டாம் படியில் வரும்) தவிர்த்துவிடுங்கள். குறிக்காமல் ஒட்டி ஸ்க்ரூ அடித்துவிட்டு, பிறகு துளையிடும்போது ஸ்க்ரூவில் மோதி ட்ரில் பிட்டை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஒட்டும் இடம் தட்டையா என்று பாருங்கள். பசை காயும்போது பலகை எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவம் நிரந்தரம். மேடுபள்ளத் தரையில் ஒட்டினால் முறுக்கிய மேசைதான் கிடைக்கும், பிறகு எதைச் செய்தாலும் நிமிராது. இரண்டு முனையிலும் ஒரே அகலமுள்ள நேரான இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்துக் கண்மட்டத்தில் பாருங்கள். இரண்டு குச்சியின் மேல் விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிந்தால் சரி.

பசையை முழுப் பரப்பிலும் மெல்லியதாகத் தேய்த்து, இரண்டையும் சேர்த்து, அடிப்பக்கத்திலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். 40 போட்டால் மேலே முனை எட்டிப்பார்க்கும். ஓர் இரவு முழுக்கக் காயட்டும். பிறகு விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். ப்ளைவுட் சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

5. முதல் சட்டகம்

கால் நீளம்: 880-லிருந்து 36 போக 844. இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரே கோட்டில் குறித்து அறுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் எப்படியும் நுழைந்துவிடும்.

குறுக்குச் சட்டம் இரண்டு, தலா 400. காலின் மேல்நுனியிலிருந்து 100 மி.மீ. கீழே ஒன்று, பாதத்திலிருந்து 100 மி.மீ. மேலே ஒன்று (இரண்டு அளவும் சட்டத்தின் நடுக்கோடு வரை). சேரும் இடத்தில் காலிலும் சட்டத்திலும் பாதிக் கனத்தை, அதாவது 19 மி.மீ. வெட்டியெடுத்து ஒன்றுக்குள் ஒன்று படியவையுங்கள். மேலோட்டமாகச் சட்டத்தைக் காலின்மேல் வைத்து ஸ்க்ரூ அடிப்பது சுலபம்தான். ஆனால் அந்தக் கூடுதல் கனம் மடங்கும்போது இடிக்கும், மேசை பக்கவாட்டிலும் ஆடும். இந்த அகலவாக்கு ஆட்டத்தைத் தடுக்க வேறு எந்தத் தாங்கியும் இந்த மேசையில் இல்லை. எல்லாம் இந்த நான்கு வெட்டுகளின் இறுக்கத்தில்தான் இருக்கிறது.

பசை தடவிச் சேர்த்ததும், காய்வதற்கு முன்னால், மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் ஒன்றானால் சட்டகம் நேர். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைகளை அமுக்கிச் சரிசெய்யலாம். அதற்குப் பத்து நிமிடம்தான் அவகாசம்.

6. கீல்

கீல் காலின் உள்பக்கத்தில் வரவேண்டும். ஓர் இதழ் பலகையின் அடியில், மற்றது காலின் உள்முகத்தில். இப்படி வைத்தால் நிற்கும்போது காலின் வெட்டுமுனை முழுவதும் பலகையின் அடியில் முட்டி நிற்கும். எடை மரத்தின் வழியாகத் தரைக்குப் போகும், கீலுக்கு இடத்தைப் பிடித்துவைப்பது மட்டும்தான் வேலை. கால் வெளிப்பக்கம் சாயவும் வழியில்லை. உள்பக்கம் மடங்குவதை மட்டும் தடுத்தால் போதும். கீலை வெளிமுகத்தில் அடித்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும்.

பலகையைக் கவிழ்த்துப் போட்டு, சட்டகத்தை நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒவ்வோர் இதழிலும் ஒரே ஒரு 25 மி.மீ. ஸ்க்ரூ மட்டும் அடியுங்கள். மடக்கி விரித்துப் பாருங்கள். ஒழுங்காகப் படிந்தால் மற்றவற்றை அடிக்கலாம். எல்லாத் துளையையும் முதலிலேயே அடைத்துவிட்டால், அரை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமென்றாலும் பழைய துளை விடாது. மெல்லிய பிட்டால் முன்துளை போட மறக்காதீர்கள். காலின் நுனிக்கு அருகில் மரம் சுலபமாகப் பிளக்கும்.

7. உயர்த்துகட்டையும் இரண்டாம் சட்டகமும்

இப்போது முதல் சட்டகத்தை மடக்குங்கள். பலகையின் அடிமட்டத்திலிருந்து, மடங்கிய காலின் வெளிமுகம் வரை அளவெடுங்கள். மரம் 38 என்றாலும், கீலின் கனம் கொஞ்சம் தூக்கிவிடும். எனக்கு 41 வந்தது. அதோடு 3 மி.மீ. இடைவெளி சேர்த்தால் 44. இதுதான் உயர்த்துகட்டையின் கனம்.

கீலின் கனத்தைக் காகிதத்தில் கணக்கிட முடியாது என்பதால்தான் இரண்டாம் சட்டகத்தை இதுவரை தொடாமல் வைத்திருந்தோம்.

65 × 38 சட்டத்தில் 400 நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, அடியில் 6 மி.மீ. ப்ளைவுட் கொடுத்து 44 ஆக்கி, பசையும் 60 மி.மீ. ஸ்க்ரூவும் போட்டுப் பலகையில் பூட்டுங்கள். இரண்டாம் சட்டகத்தின் கால் 844 − 44 = 800. மற்றபடி செய்முறை ஐந்தாம் ஆறாம் படியில் உள்ளதுதான். கீழ்க்குறுக்குச் சட்டத்தை மட்டும் பாதத்திலிருந்தே அளந்து வையுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வரும், கீழ்த்தட்டு சாயாது.

8. சாய்வுத் தாங்கிகள்

காலுக்கு ஒன்றாக நான்கு தாங்கிகள். தாங்கியின் ஒரு முனை காலின் பக்கவாட்டில், அதே சட்டகத்தின் மற்றக் காலைப் பார்க்கும் முகத்தில் ஒட்டி நிற்கும். மறுமுனை பலகையின் அடியில் பூட்டிய ஒரு சிறு கட்டையில் சேரும். அதுதான் காதுக்கட்டை.

காதுக்கட்டை: 65 × 60 அளவு, உயரம் 38. உயரம் 40-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் மேலே மடங்கிவரும் இரண்டாம் சட்டகம் தட்டும். இதன் நடு, காலின் உள்முகத்திலிருந்து 300 மி.மீ. உள்ளே வரவேண்டும். அகலவாக்கில் காலின் நேர்கோட்டில் வரக் கூடாது. தாங்கியின் கனத்துக்கு இடம் விட்டு அதற்கும் உள்ளே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் மடங்கும் கால் இதன்மேல் ஏறிக்கொள்ளும். இதுவும் அட்டை மாதிரியில் தெரிந்துவிடும் தவறுதான்.

காலில் போல்ட் துளை, பலகையின் அடிமட்டத்திலிருந்து 400 மி.மீ. கீழே. இரண்டாம் சட்டகத்துக்கு உயர்த்துகட்டையின் 44 போக, காலின் நுனியிலிருந்து 356. துளைகளுக்கிடையே தாங்கியின் நீளம் ஏறக்குறைய 500 வரும். அந்த எண்ணை நம்பித் துளையிடாதீர்கள். தாங்கியை 560 நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையில் மட்டும் துளையிட்டுக் காலில் போல்ட் போடுங்கள். மூலைமட்டம் வைத்துக் காலை நேராக நிறுத்தி, தாங்கியைக் காதுக்கட்டையோடு கிளாம்ப்பில் இறுக்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் துளையிடுங்கள். 8 மி.மீ. பிட்டே போதும், பெரிய துளை ஆட்டத்தைத்தான் கொடுக்கும்.

இப்படிச் செய்த தாங்கி அந்தக் காலுக்கு மட்டுமே பொருந்தும். தாங்கியிலும் காலிலும் 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடுங்கள். எண் போடாத என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்.

9. பாதம்

தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. ஆனால் நான்கு காலிலும் மட்டத்திருகு வேண்டாம். மூன்று கால் எந்தத் தரையிலும் படிந்துவிடும், நான்காவதுதான் அந்தரத்தில் நிற்கும். அதில் மட்டும் ஒரு திருகு பாதம் போதும். அதற்கு ஏற்றபடி அந்தக் காலை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் ரப்பர் துண்டு ஒட்டுங்கள். இழைக்கும்போது மேசை நழுவாது, கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தமும் குறையும்.

10. கீழ்த்தட்டு, கைப்பிடி, வார்ப்பட்டை

கீழ்த்தட்டை ஒட்ட வேண்டாம். கீழ்க்குறுக்குச் சட்டங்களின் மேல் சும்மா படுக்கவைத்து, அதன்மேல் கருவிப்பெட்டியை வையுங்கள். 450 மி.மீ. அகலமுள்ள மேசை முன்விளிம்பில் அழுத்தினால் சாயப் பார்க்கும். பெட்டியின் எடை அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே கனமான கருவிகளை மேலே அடுக்காமல் கீழே வைக்கச் சொல்கிறேன்.

கைப்பிடியை நீளத்தின் நட்டநடுவில் அடித்தால் தூக்கும்போது ஒரு பக்கம் தாழும், ஏனென்றால் உயர்த்துகட்டை ஒரு முனையில்தான் இருக்கிறது. மடக்கிய மேசையை ஒரு குழாயின் மேல் வைத்து, சமனாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே பூட்டுங்கள். தூக்கும்போது கால்கள் விரியாதபடி ஒரு வார்ப்பட்டை கட்டாயம். போல்ட்டுகளுக்கு ஒரு துணிப்பையைப் பலகையின் அடியிலேயே, காதுக்கட்டைகளுக்கு நடுவில் தைத்துவிட்டால் தேடும் வேலை இல்லை.

11. மேற்பூச்சு

பளபளப்பான வார்னிஷ் வேண்டாம், வேலைப்பொருள் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே வீசுங்கள். அறுவையும் பசையும் அதிகம் புழங்கும் என்றால் மேலே 3 மி.மீ. ஹார்ட்போர்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், கெட்டுப்போனால் மாற்றலாம்.

12. விரிப்பதும் மடக்குவதும்

விரிக்க: கவிழ்த்துத் தரையில் வையுங்கள். மேலே கிடக்கும் இரண்டாம் சட்டகத்தை முதலில் தூக்கி நிறுத்துங்கள், அடுத்து முதல் சட்டகம். எட்டு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி மாட்டுங்கள். நீள விளிம்பில் ஒருக்களித்து, பிறகு நிமிர்த்துங்கள். நான்கு பாதமும் தரையைத் தொட்டபின்தான் விங் நட்டுகளை இறுக்க வேண்டும். கவிழ்ந்த நிலையிலேயே இறுக்கினால் கோணல் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

மடக்க: தாங்கிகளைக் கழற்றியதும் முதல் சட்டகம் முதலில், இரண்டாம் சட்டகம் பிறகு. மாற்றி மடக்கி அமுக்கினால் கீல் பிடுங்கிக்கொண்டு வரும்.

13. ஆடினால் எங்கே பார்ப்பது

நீளவாக்கில் ஆடினால் தாங்கியின் துளைகள் தேய்ந்திருக்கும். வாஷர்களைப் பெரிதாக்குங்கள், அப்படியும் நிற்காவிட்டால் அடுத்த அளவு போல்ட்டுக்குத் துளையைப் பெரிதாக்க வேண்டியதுதான். அகலவாக்கில் ஆடினால் ஐந்தாம் படியின் பாதிவெட்டு இணைப்பு தளர்ந்திருக்கிறது. பசை ஊற்றிக் கிளாம்ப் போட்டு, ஒரு மரமுளையும் அடியுங்கள். மூலை மட்டும் தட்டினால் திருகு பாதத்தைத் திருப்பினால் முடிந்தது. எல்லாம் இறுக்கமாக இருந்தும் சுத்தியலடிக்குப் பலகை அதிர்ந்தால், நடுவில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். காலுக்கு நேர் மேலே அடியுங்கள்.

புது மரம் முதல் சில வாரங்களில் கொஞ்சம் சுருங்கும். அதனால் ஒரு மாதம் கழித்துக் கீல் ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒவ்வொன்றும் கால் சுற்றாவது உள்ளே போயிற்று.